அசரியா அத்தியட்சரும் ஒரே பந்தியும்

முன்னுரை

பந்தி என்னும் சொல் நம் தமிழ் நாட்டில் இனிமையும் கசப்பும் ஒருங்கே உடையது. மக்களை வரிசையாக அமர்த்தி உணவிடுவதும் பந்தி. இன்னார் இன்னாரோடு அமரலாகாது என்று பிரித்து வைப்பதும் பந்தி. ஓர் ஊரில் சாதி எவ்வாறு வேரூன்றி நிற்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அவ்வூர்ச் சரித்திரத்தை ஆராய வேண்டுவதில்லை; அங்கே நிகழும் ஒரு கலியாணப் பந்தியை உற்று நோக்கினாற் போதும்.

கிறிஸ்து பெருமான் தம் அடியார்க்குத் தம் நினைவாக விட்டுச் சென்றது கோட்டையுமன்று, கோபுரமுமன்று, ஒரு பந்தியே. ஓர் அப்பத்தைப் பிட்டு, ஒரு பாத்திரத்திற் பருகும் அப்பந்தியில் அமர்வோர் எவரும் தம் தகுதியினால் அமர்வதில்லை, கிருபையினாலேயே அமர்கின்றனர். பெறுவோனுடைய குலமும் குணமும் பாராமல் இறைவன் இலவசமாய் ஈவதே கிருபை. அங்ஙனமாயின், தகுதி நோக்காத விருந்துக்கு வந்த ஒருவன், தன் பக்கத்தில் இருப்பவனது தகுதியை விசாரிப்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் தமக்கும் தம் சபைக்கும் விடுத்து, அதற்கு விடை காணும் பொருட்டே உழைத்தவர் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையில் தோன்றினார். அவரே டோர்ணக்கல் அத்தியட்சராய் விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள். அன்னாருடைய வரலாற்றை இங்கே சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் வளர்ப்பும்

அசரியா அவர்கள் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் தேதி, மெய்ஞ்ஞானபுரத்துக்கு அருகேயுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், அவ்வூர்ச் சபையின் குருவானவர். தாயார் எல்லன் அம்மையார். நெடுநாள் வேண்டுதல் செய்து பெற்ற மகவாதலின், விவிலியத்தில் அன்னாள் தன் மகனுக்கு இட்ட சாமுவேல் என்னும் பெயரையே இட்டனர். இளமையிலேயே தந்தையாரை இழந்த அசரியா, தாயாரின் கண்டிப்பிலும் ஜெபத்திலும் வளர்ந்தார்.

அவர் பிறந்த குலம் நாடார் குலம். செம்மணற் காட்டிலே பனையேறிப் பிழைத்த அம்மக்கள், அக்காலத்தில் அடைந்த அவமானங்கள் பல. கோயில் வாயில்கள் அவர்கட்கு அடைபட்டிருந்தன. திருவிதாங்கூரில் அவர்தம் பெண்மக்கள் மேலாடை அணிவதற்கும் தடை இருந்தது; நெடுங்காலக் கிளர்ச்சிக்குப் பின்னரே, 1859ஆம் ஆண்டில் அரசாணையினால் அத்தடை தளர்ந்தது. 1899ஆம் ஆண்டிற் சிவகாசியில் மூண்ட பெருங்கலகமும் கோயில் நுழைவைப் பற்றி எழுந்த பகையின் விளைவேயாகும். ஆகவே, அவமதிப்பு இன்னதென்று அசரியா அவர்கள் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை.

ஆயினும் இங்கே நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அவமானம் அடைந்தவர் யாவரும் பிறரை அவமதியாதவராய் ஆகிவிடுவதில்லை. மேலே உள்ளவன் தன்னைத் தள்ளினான் என்று கண்ணீர் விடுபவனே, கீழே உள்ளவன் தன்னைத் தீண்டாதிருக்க ஒதுங்கி நடப்பதையும் நாம் காண்கிறோம். நம் நாட்டுச் சாதி ஓர் ஏணி போன்றது. எந்தப் படியில் நிற்பவனுக்கும், மிதிப்பதற்குக் கீழே ஒரு படி உண்டு. தம் காயத்தைத் தாமே பெரிதாக எண்ணி இருந்துவிடாமல், தம்மினும் தாழ்ந்த படியில் நிறுத்தப்பட்டவரை நாடி அசரியா இறங்கிச் சென்றமையே அவரது வாழ்வின் தனிச் சிறப்பாகும்.

கல்வியும் சங்கப் பணியும்

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் கல்வி பயின்ற அவர், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே, உடன் பயிலும் கிறிஸ்தவ மாணாக்கரிடையே சாதி வேற்றுமை தலைகாட்டுதலைக் கண்டு வருந்தி, அதனைக் களையும் பொருட்டு ஒரு சகோதரச் சங்கம் அமைவதற்குத் துணைநின்றார். விடுதியில் ஒன்றாய் உறங்கி, ஒரே ஆசிரியர்பால் பாடங்கேட்ட இளைஞர், உண்ணும் வேளையிலும் உறவு கூறும் வேளையிலும் மட்டும் வேறாதலை அவர் நெஞ்சம் பொறுக்கவில்லை.

அவர் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். பட்டத்தின் பொருட்டு இரவு பகலாய் உழலும் நம்மனோர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதலும் சிறிது எச்சரிக்கையும் தரத்தக்கது. பட்டம் இன்றிப் போன அவருக்குப் பின்னாளில், 1920ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் கௌரவ டாக்டர் பட்டம் அளித்து மகிழ்ந்தனர்.

1895ஆம் ஆண்டில் அசரியா அவர்கள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியானார். அப்பணியில் ஊர் ஊராய்ச் சென்று இளைஞரைச் சந்தித்தார். அமெரிக்காவிலிருந்து வந்து அதே சங்கத்தில் உழைத்த ஷெர்வுட் எடி என்பார் அவருக்கு உயிர் நண்பரானார். வெள்ளையர் ஆள்வோராயும் இந்தியர் ஆளப்படுவோராயும் இருந்த அந்நாளில், இவ்விருவர் நட்பு அரியதொரு காட்சியாய் விளங்கியது. நட்பு என்பது எத்தகையது, அஃது எத்தகைய சுவர்களையும் கடக்க வல்லது என்பதை அசரியா இந்நட்பிலேயே கண்டறிந்தார் எனலாம். 1898ஆம் ஆண்டில் அன்பு மாரியம்மாள் என்னும் கல்வியறிவுடைய பெண்மணியை மணந்தார். அம்மையார் பின்னாளில் டோர்ணக்கல் பெண்மக்களுக்குச் செய்த தொண்டு தனியே ஒரு வரலாறாக எழுதத் தக்கது.

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள், பிறர் தயவை எதிர்பாராமல், தாமே பொருள் திரட்டி, கடல் கடந்து தமிழ்நாட்டின் ஒரு பகுதிக்குத் தம் ஊழியரை அனுப்பி வருதலைக் கண்டார். அக்காட்சி அவரைச் சிந்தனையில் ஆழ்த்தியது. நூற்றாண்டுக் காலமாய்ச் சுவிசேஷத்தைப் பெற்றுவரும் திருநெல்வேலிச் சபை, பெற்றதைப் பிறர்க்குக் கொடுத்ததோ? பெறுவது மட்டும் அறிந்து கொடுப்பதை அறியாத சபை, கிருபையை அறிந்த சபையாகுமோ? இவ்வெண்ணத்தின் பயனாக, 1903ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆம் தேதி திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. அதன் பின், 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று, வங்காளத்துச் சீராம்பூரில் தேசீய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. இவ்விரண்டிற்கும் ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையனவே. இரண்டின் தோற்றத்திலும் அசரியாவின் கை இருந்தது.

கூடாரத்தில் வாழ்ந்த குரு

திருநெல்வேலிச் சங்கத்தார் தம் ஊழியத்துக்குத் தெரிந்துகொண்ட இடம் டோர்ணக்கல். இன்று தெலங்கானாவில் உள்ள அவ்வூர், அந்நாளில் ஐதராபாத்து நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1904ஆம் ஆண்டில் முதல் ஊழியர் அங்கே அனுப்பப்பட்டார். தமிழ் பேசும் திருநெல்வேலியார்க்குத் தெலுங்கு மொழியும், அந்நாட்டு உணவும் வெயிலும் யாவும் அயலே.

பிறரைப் போகும்படி ஏவித் தாம் சென்னையில் இருத்தல் முறையன்று என்று அசரியாவின் உள்ளம் அவரை உறுத்திற்று. நாடெங்கும் அறியப்பட்ட தலைவர், முப்பத்தைந்து வயதினர், மனைவி மக்களையுடையவர், தம் காரியதரிசிப் பதவியைத் துறந்து, 1909ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்று, டோர்ணக்கல் சேர்ந்தார். முதலில் அவர் வசித்தது கூடாரத்தில். தெலுங்கை எழுத்து முதலாகக் கற்றார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர்தோறுஞ் சென்றார்.

எடின்பரோ நகரில்

1910ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. பிரதிநிதிகள் ஏறத்தாழ 1,200 பேர். அவருள் ஆசியக் கண்டத்தார் இருபதின்மருக்கும் குறைந்தவரே. அச்சிலருள் ஒருவராய் அசரியாவும் சென்றிருந்தார். அயல்நாட்டு ஊழியரும் சுதேச ஊழியரும் ஒத்துழைத்தல் என்பதைப் பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தனர்.

அச்சபையில் அவர் நன்றியுரை மட்டும் கூறி அமர்ந்திருப்பாராயின், எல்லாரும் கைகொட்டி மகிழ்ந்திருப்பர். அவரோ, நன்றி கூற வேண்டுவனவற்றுக்கு நன்றி கூறிவிட்டு, சொல்லற்கரிய உண்மையைச் சொன்னார். மேல்நாட்டு மிஷனெரிமார் தம் உடைமைகளை ஏழைகட்கு ஈந்ததையும், தம் உடலையே இந்நாட்டில் விதைத்ததையும் வரும் தலைமுறை மறவாது என்று போற்றினார். ஆயினும், பல்லாண்டு ஒரே ஊரில் உடனுழைத்தும் இந்திய ஊழியரைத் தம் வீட்டு மேசைக்கு அழையாதவரும், கை நீட்டிக் குலுக்காதவரும் உளர் என்று எடுத்துக்காட்டினார். ஆண்டான் அடிமை போலவும், படியளப்போர் படிபெறுவோர் போலவும் நிற்குமிடத்தில் அன்பு தழைக்காது என்றார். இறுதியில் அவர் வேண்டியது பொருளன்று, தியாகமுமன்று, நண்பரையே வேண்டினார்.

அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் சினந்தனர், சிலர் நாணினர். எனினும், அம்மகாநாட்டின் நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகளில், நூறாண்டு கடந்த பின்னும் கிறிஸ்தவ உலகம் மறவாதிருப்பது அம்மெலிந்த தமிழரின் வேண்டுகோளையே.

அதன் உட்பொருள் ஆழமானது. தானம் செய்பவன் தன் உயரத்திலிருந்து இறங்காமலே தானம் செய்யக் கூடும். ஏற்பவனும் தாழ்விலிருந்து எழாமலே ஏற்கக் கூடும். ஆதலின் தானத்தினாற் பசி தீரும், பிரிவு தீராது. நட்போ சமநிலத்தில் அன்றி நில்லாது. கிருபை என்பதைத் தாழ்ந்தோர்மீது உயர்ந்தோர் காட்டும் தயை என்று எண்ணுவோர், கிருபையையும் சாதியாக்கி விடுகின்றனர். இறைவனது கிருபைக்கு முன் கொடையாளி ஒருவரே. ஏனையோர் யாவரும் ஏற்போர். ஏற்போர்க்குள் உயர்வு தாழ்வு ஏது? எடின்பரோவில் அசரியா உணர்த்திய பொருள் இதுவே.

அத்தியட்சர் பீடம்

சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்பார் அசரியாவை அத்தியட்சராக்க வேண்டும் என்று முயன்றார். எதிர்ப்பு இரு திசையினின்றும் வந்தது. இந்தியர் ஒருவருக்குக் கீழ் ஐரோப்பியர் பணி செய்வதோ என்று தயங்கிய மேல்நாட்டார் ஒருபுறம். இன்ன குலத்தாருக்கு இவ்வுயர்வோ என்று உள்ளம் புழுங்கிய நம் நாட்டுக் கிறிஸ்தவர் சிலர் மற்றொருபுறம். நிறவேற்றுமையும் சாதிவேற்றுமையும் உடன்பிறந்தவை போலும்! அவை கைகோத்து நின்ற காட்சியை அவ்வேளையிற் காணலாயிற்று.

இத்தடைகளைக் கடந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் தேதி, கல்கத்தா அர்ச். பவுல் ஆலயத்தில் அவர் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவியைப் பெற்ற இந்தியருள் அவரே முதல்வர். அவர் மறையுமளவும் இந்தியாவில் ஒரு மண்டலத்தைத் தாமே தலைமை தாங்கி ஆண்ட ஆங்கிலிக்கன் அத்தியட்சருள் இந்தியர் பிறர் இலர்.

மாலரும் மாதிகரும்

டோர்ணக்கல் மண்டலத்திற் பெருந்திரளாய்ச் சபையிற் சேர்ந்தவர் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பினர். ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டுக் கூலியுழைப்பினால் வாடிய மக்கள் இவர்கள். இவ்விரு வகுப்பினருக்கு இடையேயும் ஏணியின் படி இருந்தது. தோல் தொழில் செய்த மாதிகரோடு மாலர் உண்பதில்லை. பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. ஊரார் இருவரையும் தீண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் சேரார். இத்தகையோரை ஒரே நற்கருணைப் பந்திக்கு அழைப்பதே அத்தியட்சருக்கு நேர்ந்த பெருஞ்சோதனை.

இவ்விடத்தில் அவர் உறுதி தளரவில்லை. சாதிக்கு ஓர் ஆலயம் என்பது கிறிஸ்துவைக் கூறு போடுவதாகும் என்று கொண்டார். ஆலயத்தில் ஒன்றாய் முழங்காற்படியிடவும், ஒரே பாத்திரத்திற் பருகவும் இயலாதவர் கிறிஸ்துவின் அங்கத்தினராவது எவ்வாறு என்று போதித்தார். பள்ளிகளிலும் போதனா விடுதிகளிலும் இரு வகுப்புச் சிறாரும் ஒன்றாய் உண்டு ஒன்றாய்ப் பயின்றனர். ஒரு வகுப்பிலிருந்து எழுந்த உபதேசியாரும் குருவும் மற்றொரு வகுப்பாருக்கும் ஊழியம் செய்தனர்.

அன்றியும், கிருபை ஆத்துமாவை மட்டும் தொட்டு வீட்டு வாயிலில் நின்றுவிடுவதன்று என்பது அவர் கொள்கை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று பெயரிட்டு, அவற்றை ஓட்டும்படி ஊர்தோறும் போதித்தார். பள்ளிகளும், மருத்துவச் சாலைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், அச்சுக்கூடமும் எழுந்தன. குழந்தைகளைக் குளிப்பாட்டும் முறை முதல் வட்டிக்காரன் கையினின்று தப்பும் வழி வரையில் அவரது போதனையில் இடம் பெற்றன.

புதிதாய் ஞானஸ்நானம் பெறுவோரை அவர் ஓர் உறுதிமொழிக்கு உட்படுத்துவார். அவர்கள் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்கு அறிவியாதிருத்தல் தமக்குக் கேடு என்று பகிரங்கமாய் அறிக்கையிடுதல் வேண்டும். இச்செயலின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பார்மின்! அந்நாள்வரை ஊராரிடம் கை நீட்டிப் பெறுவதற்கே உரியவர் என்று கருதப்பட்ட ஒரு கூலியாள், அன்று முதல் ஊராருக்குக் கொடுப்பதற்கு உரியவன் ஆகிறான். தலை குனிந்து நின்றவன் தலையிலேயே, அவனுடைய கையே, அருளின் பொறுப்பைச் சுமத்துகிறது. கிருபை ஒருவனைக் கடனாளியாக்குகிறது. அக்கடனே அவனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

இதன் விளைவு வியப்புக்குரியது. தாம் இழிந்தவரென்று கருதியிருந்தவர் குடியை விட்டதையும், பிள்ளைகளைப் படிக்க வைத்ததையும், வாய்மை பேசியதையும் ஊரின் மேல்வகுப்பார் கண்டனர். 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதலாக அவ்வகுப்பாருள்ளும் பலர் சபையை நாடி வந்தனர். எவரைத் தீண்டாதிருந்தனரோ அவர் வாயிலாகவே அவர்கட்கு நற்செய்தி எட்டியது. பந்தியின் கடைசியில் இருந்தவர் விருந்திடுவோராயினர். அசரியாவின் இறுதிக் காலத்தில் அம்மண்டலத்துச் சபையார் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது.

1939ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் தேதி, பெருமான் புறவினத்தார்க்கு வெளிப்பட்ட திருநாளன்று, டோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பல்லாண்டு உழைத்துக் கட்டிய அவ்வாலயத்தில், கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும், மசூதியை நினைவூட்டும் குமிழ்களும், சிலுவையும் ஒருங்கே விளங்குகின்றன. நாட்டின் பல்வேறு மாந்தரும் தம் கைத்திறனைக் கொணர்ந்து ஒரே பீடத்தின் முன் வைத்தாற்போன்ற தோற்றம் அது.

விடை கூற இயலாத வினா

சாதியைப் போலவே அத்தியட்சரின் உள்ளத்தை வருத்திய மற்றொரு பிரிவு, சபைப் பிரிவு. மேல்நாட்டிற் பழைய சண்டைகளாற் பிறந்த பிரிவுகளை, அச்சண்டைகளை அறியாத நம் நாட்டு ஏழை மக்கள் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்? ஓர் ஊரில் ஒரு வகுப்பார் ஒரு மிஷனையும், அடுத்த வகுப்பார் வேறொரு மிஷனையும் சேர்ந்துவிட்டால், சாதிக்கு மதத்தின் பெயரால் ஒரு மதிற்சுவர் எழுந்துவிடுமன்றோ? ஆகவே, 1919ஆம் ஆண்டு மே மாதத்தில், சீகன்பால்கு ஐயர் 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில், சபை ஐக்கியத்துக்காக ஒரு கூட்டம் கூடியபோது, அதனை முன்னின்று நடத்தினார். வந்திருந்த குருமாருள் இருவர் ஒழிய ஏனையோர் இந்தியரே. 1927ஆம் ஆண்டு லோசான் நகரிற் கூடிய உலக மகாநாட்டிலும், பிரிவினை மேல்நாட்டார்க்கு ஒரு பலவீனமாயிருக்கலாம், நம்மனோர்க்கோ அது பாவம் என்னும் கருத்தை வற்புறுத்தினார்.

இந்நிலையிலேதான் அவர் வாழ்வில் மிக்க துயரந் தந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். 1935ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள், இந்துவாய்ப் பிறந்த தாம் இந்துவாய் இறக்கப் போவதில்லை என்று இயோலா நகரில் அறிவித்தார். அதன் பின், அவர் அசரியா அத்தியட்சரைச் சந்தித்தபோது இரு வினாக்களை விடுத்தார் என்பது வழங்கி வரும் செய்தி. தம் மக்கள் கிறிஸ்தவராயின், எங்கே வாழ்ந்தாலும் ஒரே சபையாய் இருக்க இயலுமா என்பது ஒன்று. சாதிக் கொடுமை சிறிதும் இன்றி வாழ இயலுமா என்பது மற்றொன்று. நாவன்மை மிக்க அத்தியட்சர், எடின்பரோவில் ஆயிரவர் முன் அஞ்சாது பேசியவர், இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்ல இயலாமல், நாணத்தோடு திரும்பினாராம்.

அவர் நினைத்திருப்பின் எளிதாக ஆம் என்று கூறியிருக்கலாம். தம் மண்டலத்தில் நிகழ்ந்த அற்புதங்களை எடுத்துக் கூறியிருக்கலாம். ஆயினும், தம் சபையிலும் மாலரும் மாதிகரும் முற்றிலும் ஒன்றாகிவிடவில்லை என்பதும், தாம் பிறந்த சீமையில் கிறிஸ்தவர் இன்னும் குலம் பார்த்தே பெண் கொடுக்கின்றனர் என்பதும் அவருக்குத் தெரியும். பொய் சொல்லி ஒரு பெருங்கூட்டத்தைச் சபைக்கு ஈர்க்க அவர் விரும்பவில்லை. 1956ஆம் ஆண்டில் அம்பேத்கர் அவர்கள் நாகபுரியில் பௌத்தத்தைத் தழுவினார். அசரியாவின் பெருமையை அவர் கட்டிய ஆலயத்தில் மட்டும் அன்றி, அவர் கூசி நின்ற அம்மௌனத்திலும் காண்கிறேன்.

மறைவு

1945ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி, சுற்றுப்பயணத்தின் பின் கண்ட காய்ச்சலால், டோர்ணக்கல் நகரில் அத்தியட்சர் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் கனவு கண்ட ஐக்கியத்தை அவர் கண்ணாற் காணவில்லை. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27ஆம் தேதி, சென்னை அர்ச். ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்டு சபையாரும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அன்று ஒரே பந்தியில் அமர்ந்தனர். மோசே தூரத்தே நின்று பார்த்த நாட்டிற்குள் யோசுவா புகுந்தாற்போல, பின்வந்தோர் புகுந்தனர்.

முடிவுரை

பெரியோர் வரலாற்றைப் படித்து, அவரைப் புகழ்ந்து, ஏட்டை மூடி வைத்தல் எளிது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய யானும் அவ்வாறே முடித்திருப்பேன். ஆயினும், எழுதுங்கால் ஒரு நினைவு என் பேனாவைத் தடுத்துக்கொண்டே இருந்தது. அதனை மறைத்து இதனை அச்சிற்கு அளித்தல் நேர்மையன்று.

எங்கள் ஊர்ச் சபையில் ஆண்டுதோறும் பிரதிஷ்டைப் பண்டிகை நிகழும்; அதன் முடிவில் அசனம் உண்டு. ஆலய வளாகத்திற் பெருங்கொப்பரைகளிற் சோறும் குழம்பும் ஆக்கி, வந்தோர் யாவர்க்கும் இலையிடுவர். சென்ற ஆண்டு அப்பண்டிகைக்கு விடுதி நண்பர் சிலரை அழைத்துச் சென்றேன். ஒருவரை மட்டும் அழைக்கவில்லை. அவர் என்னோடு ஒரே அறையில் உறைபவர். புறநானூற்றுப் பாடங்களை இருவரும் சேர்ந்தே படிப்போம். நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி கொணர்ந்து ஊட்டியவரும் அவரே. அவரும் கிறிஸ்தவரே. ஊரில் எந்தத் தெரு என்று எங்கள் வீட்டுப் பெரியோர் அவரைக் கேட்பார்களே, அதற்கு அவர் விடை சொல்ல நேருமே என்று அஞ்சினேன். அவர் மனம் புண்படாதிருக்கவே அழைக்கவில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். புண்படும் என்று நான் அஞ்சியது அவர் மனத்தையன்று, எங்கள் வீட்டு மரியாதையையே என்பதை இப்பொழுது உணர்கிறேன். பண்டிகை முடிந்து திரும்பிய அன்று, அசனம் எப்படி என்று அவர் முகமலர்ச்சியோடு கேட்டார். நன்றாயிருந்தது என்றேன்.

கணியன் பூங்குன்றனாரைப் பாடமாகப் படித்துத் தேர்வில் மதிப்பெண் பெறுகிறோம். ஞாயிறுதோறும் ஒரே பாத்திரத்திற் பருகுகிறோம். ஆனால் அப்பாத்திரத்துக்கும் நம் வீட்டுப் பந்திக்கும் இடையே எத்தனை காத தூரம்! அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு மகாநாடும் வேண்டா, தீர்மானமும் வேண்டா. அசரியா அவர்கள் எடின்பரோவில் வேண்டியது எதுவோ அதுவே போதும்.

இவ்வாண்டுப் பண்டிகைக்கு என் அறை நண்பரை அழைத்துவிட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் எழுதித் தெரிவித்துவிட்டேன். விடை இன்னும் வரவில்லை. எவ்விடை வரினும், அன்று அசனத்தில் அவர் பக்கத்து இலை என்னுடையது. கிருபையினால் மட்டுமே பந்தியில் இடம் பெற்ற ஒருவனுக்கு இதைக் காட்டிலும் தாழ்ந்த நன்றியும் இல்லை. உயர்ந்த நன்றியும் இல்லை.